பூமிக்கடியில் ஒரு பட்டணம்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் ஜில்லாவின் கடலோரத்தில், ராம்ஸ்கேட் என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. கோடைகாலத்தில் லண்டன்வாசிகள் குடும்பத்தோடு ரயிலேறி வந்து, மணலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடற்காற்று வாங்கிவிட்டுப் போகிற இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித் என்ற சித்திரக்காரர் அந்த மணல்வெளியையும் அங்கே கூடியிருந்த சீமாட்டிகளையும் குழந்தைகளையும் ஒரு பெரிய படமாக எழுதினார். 1854-ஆம் வருஷம் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்தப் படத்தை விக்டோரியா மகாராணியே விலைக்கு வாங்கிக்கொண்டாள். கடலில் நின்று கரையைப் பார்ப்பதுபோல் எழுதப்பட்ட படம் அது.

ஆனால் கடலில் நின்று கரையைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சித்திரக்காரர்களாக இருப்பதில்லை. ராம்ஸ்கேட்டிலிருந்து பிரெஞ்சு தேசத்துக் கரை முப்பது மைலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் யுத்தம் என்றால், லண்டனில் பத்திரிகையில் படிக்கிற செய்தியை ராம்ஸ்கேட்காரர்கள் தங்கள் கூரையின்மேலேயே கேட்டுவிடுவார்கள். முதல் உலக மகாயுத்தத்தில் அப்படித்தான் நேர்ந்தது. 1915-ஆம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி இரவு, ஜெர்மானியரின் ஸெப்பலின் என்னும் ராட்சத ஆகாயக் கப்பல் ஊரின்மேல் வந்து குண்டு போட்டது. 1917 ஜூன் மாதத்தில் மற்றொரு ஸெப்பலின் போட்ட குண்டு, துறைமுகத்தில் கடற்படையார் வெடிமருந்து வைத்திருந்த கிடங்கிலேயே விழுந்தது. அன்று பட்டணத்தில் எத்தனை ஜன்னல் கண்ணாடிகள் மிஞ்சியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே, இருபது வருஷம் கழித்து ஹிட்லரின் குரல் ரேடியோவில் ஓங்கத் தொடங்கியபோது, அந்த ஊரார் தங்களுக்கு ஒரு புகலிடம் வேண்டுமென்று கவலைப்பட்டதில் ஆச்சரியமில்லை. அந்தக் கவலையை அவர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள், அதற்குக் குறுக்கே நின்றவர்கள் யார் என்பதையே இங்கே சொல்லப் புகுந்தோம். குறுக்கே நின்றவர்களில் இருவர் நம் தேசத்துக்கு மிகவும் பழக்கமானவர்கள்.

பழைய ரயில் பாதை

ராம்ஸ்கேட் நகரசபையின் என்ஜினீயராக இருந்தவர் பிரிம்மெல் என்பவர். தம் ஊர் எதன்மேல் நிற்கிறது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அது சுண்ணாம்புப் பாறை. ஆங்கிலக் கடற்கரையில் வெள்ளைவெளேரென்று செங்குத்தாக நிற்கிறதே, அதே பாறை. அதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கடப்பாறைக்கும் பிக்காசுக்கும் இணங்கிக் கொடுக்கும்; ஆனால் குடைந்த பிறகு, பெரும்பாலும் செங்கல் வளைவோ தூணோ இல்லாமலே தன் காலில் தானே நிற்கும். சுரங்கம் வெட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல வரம் கிடையாது.

இன்னொரு வசதியும் தற்செயலாக அமைந்திருந்தது. 1863-ஆம் வருஷம் ஒரு ரயில் கம்பெனியார், பிரயாணிகளைக் கடற்கரை மணலிலேயே கொண்டுபோய் இறக்கவேண்டும் என்ற ஆசையில், குன்றின் வயிற்றைத் துளைத்து ஆயிரம் கஜத்துக்கு மேல் நீளமான ஒரு பெரிய குகைப்பாதை போட்டிருந்தார்கள். 1926-இல் ஊருக்கு உட்புறத்தில் புது ஸ்டேஷன் ஏற்பட்டதும் அந்தப் பாதை கைவிடப்பட்டது. பிறகு அதற்குள் குழந்தைகளுக்கும் குஷிப் பேர்வழிகளுக்குமாக ஒரு விளையாட்டு ரயிலை 1936 முதல் ஓட்டினார்கள்.

பிரிம்மெல் போட்ட திட்டம் இதுதான்: பழைய குகைப்பாதையிலிருந்து தொடங்கிப் பட்டணத்தை வளைத்துக்கொண்டு ஒரு அரைவட்டமாகப் பாறைக்குள்ளேயே சுரங்கம் வெட்டவேண்டியது. ஆறடி அகலம், ஏழடி உயரம். தலைக்குமேல் சுமார் அறுபது அடிப் பாறை. ஜனங்கள் தங்கள் வீட்டு வாசலிலிருந்து சில நிமிஷங்களில் நடந்து வந்து இறங்குமாறு ஊரின் பல பாகங்களிலும் வாசல்கள். பழைய குகையையும் சேர்த்து மொத்தம் மூன்றேகால் மைல் நீளம். அறுபதினாயிரம் பேருக்கு இடம். ஊரின் ஜனத்தொகையோ சுமார் முப்பத்து மூவாயிரந்தான். கோடைக்கு வருகிற விருந்தாளிகளையும் மனுஷர் கணக்கில் சேர்த்துக்கொண்டார் போலும்!

திட்டத்துக்குப் பக்கபலமாக நின்றவர் மேயர் கெம்ப். அவருடைய முதலெழுத்துக்கள் ஏ. பி. ஸி. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே அரிச்சுவடியையும் ஆரம்பித்து வைத்துவிடலாம் என்று தகப்பனார் நினைத்தாரோ என்னவோ! எங்கே போனாலும் தலையில் நெட்டையான பட்டுத் தொப்பி. வாயில் ஓயாத பேச்சு. ‘பித்துப் பிடித்த மேயர்’ என்றுகூட அவரைச் சிலர் கேலி செய்தார்கள். ஊரின் அடியில் மூன்று மைல் பொந்து வெட்டவேண்டும் என்று சமாதான காலத்தில் சொல்கிறவனுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்?

வேண்டாம் என்றவர்கள்

1938-ஆம் வருஷத்தில் திட்டம் லண்டனுக்குப் போயிற்று. சர்க்கார், முடியாது என்றார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் மியூனிக் நெருக்கடி வந்தது. லண்டன் பூங்காக்களில் இரவோடிரவாக அகழிகள் வெட்டினார்கள். விஷவாயு முகமூடிகளை வீடு வீடாக வழங்கினார்கள். ராம்ஸ்கேட் மறுபடியும் கேட்டது. மறுபடியும் அதே பதில்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. விமானத் தாக்குதலிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றும் பொறுப்பை 1938-ஆம் வருஷக் கடைசியில் ஏற்றுக்கொண்ட மந்திரி ஸர் ஜான் ஆண்டர்ஸன். ஆம், 1932 முதல் 1937 வரையில் வங்காளத்தின் கவர்னராக இருந்து, ஆயிரக்கணக்கான வாலிபர்களை விசாரணையில்லாமல் காவலில் வைத்திருந்த அதே ஆண்டர்ஸன்தான். வங்காளிகளுக்குச் சிறைக் கொட்டடி கொடுத்தவர், சொந்த ஜனங்களுக்குத் தகரக் கொட்டடி கொடுத்தார். வளைந்த எஃகுத் தகடுகளைப் பூட்டித் தோட்டத்தில் நாலடி ஆழத்துக்குப் புதைத்து, மேலே மண்ணைக் கொட்டவேண்டியது. ஒரு குடும்பம் அதற்குள்ளே ஒடுங்கி உட்காரலாம். ‘ஆண்டர்ஸன் ஷெல்ட்டர்’ என்று அவர் பெயராலேயே அது வழங்கிற்று. வருஷ வருமானம் 250 பவுனுக்குக் குறைந்தவர்களுக்கு இனாம். மற்றவர்களுக்கு 7 பவுன். யுத்தம் மூளுவதற்குள் சுமார் பதினைந்து லட்சம் கொட்டடிகள் வழங்கப்பட்டன. அவற்றால் அநேக உயிர்கள் தப்பின என்பதை நாம் மறைக்கக்கூடாது. ஆனால் தோட்டம் உள்ளவனுக்குத்தானே அது பயன்படும்? அறை வாடகையில் குடியிருக்கிற ஏழை எங்கே போய்ப் புதைப்பான்?

ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் விமானக் குண்டுகளின் கொடுமையை நேரில் கண்டு வந்த விஞ்ஞானி ஹால்டேன், ஆழமான சுரங்கங்களே வேண்டும் என்று 1938-இல் ஒரு புஸ்தகம் எழுதி வாதாடினார். லண்டனில் பின்ஸ்பரி என்ற ஏழைப் பேட்டையின் நகரசபையாரும் பூமிக்கடியில் பெரிய புகலிடங்கள் கட்டத் திட்டம் தயாரித்தார்கள். இந்தக் கோரிக்கைகளை ஆராய ஆண்டர்ஸன் ஒரு கமிட்டி அமைத்தார். அதன் தலைவர் யார் தெரியுமா? லார்டு ஹெய்லி! பஞ்சாபையும் பிறகு ஐக்கிய மாகாணத்தையும் 1934 வரையில் ஆண்ட கவர்னர் ஹெய்லி. இந்திய ஜனங்களுக்கு எது நல்லது என்று தீர்மானித்துப் பழகியவர்கள் இருவரும் இப்போது இங்கிலீஷ் ஜனங்களுக்கு எது நல்லது என்று தீர்மானிக்க உட்கார்ந்தார்கள்.

1939 ஏப்ரலில் கமிட்டியின் முடிவு வெளியாயிற்று. ஆழமான சுரங்கங்கள் வேண்டாம் என்பதே முடிவு. செலவு அதிகம், காலம் போதாது, குண்டு விழுவதற்கு முன் உள்ள சில நிமிஷங்களில் ஜனங்கள் அங்கே போய்ச் சேர முடியாது என்பன போன்ற காரணங்கள் சொல்லப்பட்டன. இவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. லண்டனைப்போன்ற மகா நகரத்தில் எண்பது லட்சம் பேரையும் பாதாளத்தில் இறக்கிவிட முடியுமா? ஆனால் அதிகார வட்டாரத்தில் உலவிய மற்றொரு காரணமும் உண்டு. ஜனங்கள் சுரங்கத்தில் ஒரு தடவை இறங்கிவிட்டால் பிறகு மேலே வரமாட்டார்கள், தொழிற்சாலைக்குப் போகமாட்டார்கள், கோழைகளாகி எலிகளைப்போல் வளையிலேயே கிடப்பார்கள் என்ற பயந்தான் அது. ஜெர்மன் குண்டைக் கண்டு ஜனங்கள் பயப்படுவார்கள் என்று சர்க்கார் பயந்தார்கள்! இந்த மாதிரிப் பயத்தை நாமும் கண்டிருக்கிறோம். ஆளுகிறவர்களுக்கு ஆளப்படுகிறவர்களின் தைரியத்தில் நம்பிக்கை ஏற்படுவது சுலபமல்ல. அவர்கள் ஒரே ஜாதியார், ஒரே பாஷை பேசுகிறவர்கள் ஆனாலுங்கூட.

பின்ஸ்பரியின் திட்டம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் ராம்ஸ்கேட்காரர்கள் விடாக்கண்டர்கள். கமிட்டியின் முடிவு வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பே, ஹிட்லர் பிரேக் நகருக்குள் நுழைந்த அந்த 1939 மார்ச்சிலே, அவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்துவிட்டது. லார்டு ஹெய்லி லண்டனில் ‘வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டிருக்கையில், ராம்ஸ்கேட்டில் பிக்காசு பாறையில் இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தச் செலவு ஐம்பதினாயிரம் பவுனுக்குச் சற்று மேல். அறுபதினாயிரம் பேருக்கு என்று பங்கிட்டால் தலைக்கு ஒரு பவுன்கூட ஆகவில்லை! ஜூன் மாதம் முதல் தேதி, மன்னரின் சகோதரரான கென்ட் டியூக் வந்து சுரங்கத்தின் முதற் பகுதியைத் திறந்துவைத்தார். மூன்று மாதம் கழித்து யுத்தம் பிரகடனமாயிற்று.

ஐந்து நிமிஷம்

முதல் எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் கேலி செய்கிறவர்களுக்கு அது நல்ல காலம். பிறகு 1940 மே மாதத்தில் பிரான்ஸ் சரியத் தொடங்கியது. டன்கர்க் கரையில் சிக்கிக்கொண்ட ராணுவத்தை மீட்க, மீன் படகுகளும் உல்லாசப் படகுகளும்கூடப் போயின. அவற்றில் பல ராம்ஸ்கேட் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டன. களைத்து, நனைந்து, பல நாள் தூங்காமல் வந்திறங்கிய சிப்பாய்கள் நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ராம்ஸ்கேட்டிலிருந்து 82 தனி ரயில்களில் அனுப்பப்பட்டார்கள். இதே சமயத்தில், ஜூன் 2-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கரையோரத்துப் பட்டணங்களின் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்நாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ராம்ஸ்கேட் குழந்தைகள் ஸ்டாபோர்ட்ஷயருக்குப் போனார்கள். சிப்பாய்கள் வந்திறங்கிய ஊரிலிருந்தே குழந்தைகள் வெளியேறினார்கள். கழுத்தில் பெயர்ச் சீட்டும் தோளில் முகமூடிப் பெட்டியுமாக வழியனுப்பப்பட்ட அந்தப் பிள்ளைகளின் தாய்மார் ரயிலடியிலிருந்து வீடு திரும்பிய மாலையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆகஸ்டு 24-ந் தேதி சனிக்கிழமை. ராம்ஸ்கேட்டுக்கு இரண்டு மூன்று மைல் தூரத்தில் மான்ஸ்டன் விமான நிலையம் இருக்கிறது. அதைத் தரைமட்டமாக்க ஜெர்மன் விமானங்கள் அன்று அலை அலையாக வந்தன. அவற்றில் ஒரு கூட்டம் பட்டணத்தின்மீதே பாய்ந்தது. துறைமுகத்துக்கு மேலே பறக்கவிட்டிருந்த காவல் பலூனை முதலில் சுட்டு வீழ்த்தினார்கள். பிறகு சுமார் ஐந்து நிமிஷ நேரத்துக்குள் ஐந்நூறு குண்டுகள். காஸ் தொழிற்சாலை பற்றிக்கொண்டது. தெருத்தெருவாக வீடுகள் சரிந்தன. இடிந்தவையும் சேதமானவையுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள்.

அன்று இறந்தவர்கள் ஊரார் 29 பேர், சிப்பாய்கள் இருவர். முப்பத்தொரு உயிர் என்பது அற்பமல்ல. அந்த முப்பத்தொரு வீட்டாருக்கு அதுவே உலகம் முழுவதும். ஆனால் ஐந்நூறு குண்டும் ஆயிரம் வீடும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டிருக்கவேண்டும். அபாயச் சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கானவர்கள் படியிறங்கிப் பாறைக்குள் போயிருந்தார்கள். மேலே தங்கள் வீடு இடிகிற ஓசை அவர்களுக்கு வெகு தூரத்து இடிமுழக்கம்போல் கேட்டிருக்கும். அன்று முதல் பித்துப் பிடித்த மேயர் என்று கெம்பை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நாலு நாள் கழித்துப் பிரதம மந்திரி சர்ச்சில் ஊரைப் பார்வையிட வந்தார். அப்போதும் சங்கு ஊதிற்று. அவரும் சுரங்கத்துக்குள் இறங்கவேண்டியதாயிற்று. வாயில் சுருட்டு. உள்ளே புகை பிடிக்கக்கூடாது என்று நகரசபையின் விதி. மேயர் கெம்ப் அதை எடுத்துச் சொல்ல, சர்ச்சில் சுருட்டை வீசி எறிந்தார் என்று ராம்ஸ்கேட்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். சர்ச்சிலை அடங்கச் செய்தவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. நம்மவர்களுக்கு அதற்கு வேறு வழி வேண்டியிருந்தது!

வெளியே வந்தபோது ஒரு சிறு ஹோட்டல் நொறுங்கிக் கிடப்பதைச் சர்ச்சில் கண்டார். பீங்கான் ஓடுகளுக்கும் மரச் சிராய்களுக்கும் நடுவில் ஹோட்டல்காரரும் மனைவியும் வேலைக்காரர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். யாருக்கும் காயமில்லை, ஆனால் பிழைப்பு போய்விட்டது. திரும்பும் வழியில் ரயிலிலேயே நிதி மந்திரிக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்ததாகச் சர்ச்சில் தம் யுத்த சரித்திரத்தில் குறிப்பிடுகிறார். சத்துருவின் குண்டால் வீட்டையும் கடையையும் இழந்தவர்களுக்கு ராஜ்யமே ஈடு செய்யவேண்டும் என்பது அதன் சாரம். 1941-இல் அதற்கென்று சட்டமே ஏற்பட்டது. தேசம் முழுவதிலும் வீடிழந்த லட்சக்கணக்கான குடும்பங்கள், பெயர் தெரியாத ஒரு ஹோட்டல்காரரின் கண்ணீருக்குக் கடன்பட்டிருக்கின்றன.

குகைக் குடித்தனம்

வீடிழந்தவர்கள் எங்கே போவார்கள்? சுமார் முந்நூறு குடும்பங்கள் பழைய ரயில் குகைக்குள்ளேயே குடியேறிவிட்டன. ஆறடிச் சுரங்கங்களைப்போல் அல்லாமல் அது விசாலமான இடம். சாக்குப் படுதா, பழைய பலகை, கம்பளி, அட்டை என்று கிடைத்ததைக் கொண்டு ஒவ்வொரு குடும்பமும் ஒரு தடுப்புக் கட்டிக்கொண்டது. உள்ளே கட்டில், நாற்காலி, கடிகாரம், ரேடியோப் பெட்டி. மற்றச் சுரங்கங்களில் சுவரோரமாக விசுப்பலகைகள் போட்டிருந்தார்கள். பின்னால் அடுக்குக் கட்டில்களும் வந்தன. மின்சார விளக்கு இருந்தது. கழிப்பிடம் என்பது பாறையில் குடைந்த ஒரு மாடம், அதற்கு ஒரு சாக்குத் திரை. அந்த வாசனையைப் பற்றி விவரிக்காமல் விடுவதே உத்தமம். வெளியே வெயிலானாலும் பனியானாலும் உள்ளே எப்போதும் ஒரே குளிர், சுவரில் ஈரம்.

அப்படியானால் அதிகாரிகள் பயந்தது சரிதானா? ஜனங்கள் வளையிலேயே தங்கிவிட்டார்களே என்று ஒருவர் கேட்கலாம். தங்கினார்கள், உண்மை. ஆனால் மேலே வீடு இல்லாததனால் தங்கினார்கள். பொழுது விடிந்தால் ஆடவரும் பெண்டிரும் படியேறி வேலைக்குப் போனார்கள், கடை திறந்தார்கள், தீயணைத்தார்கள், ரேஷன் வரிசையில் நின்றார்கள், இரவு திரும்பி வந்து தூங்கினார்கள். நன்றாகத் தூங்கியவனால்தானே மறுநாள் வேலை செய்ய முடியும்? லண்டனிலும் இதே பாடந்தான். 1940 செப்டம்பரில் அங்கே குண்டு மாரி பொழியத் தொடங்கியபோது, ஜனங்கள் யாரையும் கேட்கவில்லை. பாதாள ரயிலுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் இறங்கிப் படுத்துவிட்டார்கள். முதலில் தடுக்கப் பார்த்த சர்க்கார் பிறகு தாங்களே கட்டிலும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில், வேண்டாம் என்று சொன்ன அதே ஆழமான சுரங்கங்களை லண்டனுக்கு அடியில் வெட்டவும் ஆரம்பித்தார்கள். அவற்றில் பொதுஜனங்களை விட்டது 1944-இலேதான்.

ஏ. ஆர். பி. என்ற மூன்றெழுத்தும் அபாயச் சங்கும் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தன. 1942 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காகிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டபோது, சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலடிக்கும் வண்டிப்பேட்டைக்கும் ஓடிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கு ராம்ஸ்கேட்டின் பாறை கிடையாது. மூன்றடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் பூமி. ஆனால் எங்கே போவது, எதைச் செய்வது என்று அந்த ஊராரைக் கேட்டவர்களும் அப்போது யாரும் இல்லை.

ராம்ஸ்கேட்டில் யுத்தம் முடிந்ததும் வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பழைய குகையில் விளையாட்டு ரயில் மறுபடியும் சில வருஷம் ஓடி, 1965-இல் நின்றது. அதன் பிறகு பாறைக்குள் மூன்று மைல் இருட்டு மறக்கப்பட்டுக் கிடந்தது. உள்ளூர்த் தொண்டர்கள் பாடுபட்டுத் துப்புரவு செய்து, 2014-ஆம் வருஷம் அதைப் பொதுஜனங்களின் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். இப்போது கட்டணம் செலுத்தி, வழிகாட்டியின் பின்னால் கைவிளக்கோடு உள்ளே போகலாம். சங்கு ஓயும்வரையில் பொழுது போகாமல் யாரோ சுவரில் கிறுக்கிய எழுத்துக்களும் படங்களும் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

உள்ளே போகிறவர்கள் தலையில் கெட்டித் தொப்பி அணியவேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. கூரை ஏழடி உயரந்தான் அல்லவா? மேயர் கெம்ப் தம்முடைய நெட்டைத் தொப்பியோடு அந்தச் சுரங்கத்தில் எப்படி நடந்தாரோ, குனிந்தாரோ, அல்லது அன்றைக்கு மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொண்டாரோ, அதை மட்டும் யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை.